ஃபாரின் கீ போட்டால் இன்டெக்ஸ் தானாக வந்துவிடுமா?

டேட்டாபேஸில் ஃபாரின் கீ (ஒரு டேபிளின் நெடுவரிசை இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் என்ற விதி) அறிவித்தாலே அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸும் (வேகமாகத் தேட உதவும் அமைப்பு) தானாக உருவாகிவிடும், டிசைனர் தனியாகப் போடத் தேவையில்லை என்று ஒரு கருத்து உலவுகிறது. பலரும் அதை அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினில் அது சரிதான். பொருத்தமான இன்டெக்ஸ் இல்லையென்றால் அதுவே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதில் மட்டும் பழகியவருக்கு எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் அப்படிச் செய்வதில்லை. பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டுவது), யுனிக் (மதிப்பு திரும்ப வரக்கூடாது என்ற விதி) போன்றவற்றுக்குத்தான் அங்கே தானாக இன்டெக்ஸ் கிடைக்கும். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வரிலும் ஃபாரின் கீக்கு நாமேதான் போட வேண்டும்.

நம்பச் சொல்லவில்லை, நீங்களே பார்த்துவிடலாம். போஸ்ட்கிரெஸில் வாடிக்கையாளர், ஆர்டர் என இரண்டு டேபிள் உருவாக்கி, ஆர்டரில் வாடிக்கையாளர் ஐடியை ஃபாரின் கீ ஆக்குங்கள். பிஎஸ்க்யூஎல் என்ற அதன் கட்டளைக் கருவியில் பின்சாய்கோடு, டி, ஆர்டர் டேபிளின் பெயர் என்று அடித்தால் 'இன்டெக்ஸஸ்' என்ற பகுதியில் பிரைமரி கீ மட்டும்தான் இருக்கும். அப்புறம் ஆர்டரில் 10 லட்சம் வரிசை நிரப்பி, ஆர்டரே இல்லாத ஒரு வாடிக்கையாளரை எக்ஸ்பிளைன் அனலைஸ் (கட்டளையை ஓட்டி, எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டுவது) போட்டு டெலீட் செய்யுங்கள். (டிரான்ஸாக்‌ஷனுக்குள் செய்து ரோல்பேக் கொடுத்து மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். புரொடக்‌ஷனில் வேண்டவே வேண்டாம்!) வெளியீட்டின் கடைசியில் அந்த ஃபாரின் கீயின் பெயரோடு ஒரு 'டிரிக்கர்' வரி வரும். நேரம் பெரும்பாலும் அதில்தான் போயிருக்கும். ஒரே ஒரு வரிசையை நீக்க, அந்த வாடிக்கையாளரைச் சுட்டும் ஆர்டர் இருக்கிறதா என்று ஆர்டர் டேபிள் முழுவதையும் அது தேடியிருக்கிறது. இன்டெக்ஸ் போட்டுவிட்டு அதையே திரும்ப ஓட்டிப் பாருங்கள்.