கூட்டை எடுத்து மரத்தில் வைக்கிறவர்களே!

மூன்று நாளாக வயிறு எரிகிறது. எழுதித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் மாடிப்படியில் எரியாத விளக்கு ஒன்று தொங்குகிறது. அதன் கிண்ணத்துக்குள் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டியிருந்தது. காய்ந்த புல், சிலந்தி நூல், எங்கோ பொறுக்கிய பிளாஸ்டிக் துண்டு. இளஞ்சிவப்பில் செம்புள்ளி போட்ட மூன்று முட்டை. இரண்டு வாரம் அடைகாத்து மூன்றும் பொரித்து, இறகு முளைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஐந்தாறு நாள் விட்டிருந்தால் அதுகளே கிளம்பிப் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் விளக்கு துடைத்து வைத்த மாதிரி காலி.

"எச்சம் விழுதுன்னு எல்லாரும் சொன்னாங்க சார். பாவமாச்சேன்னு அலுங்காம எடுத்துப் பின்னாடி மரத்துல வச்சிட்டேன்" என்கிறார் மாடிவீட்டுக்காரர். முகத்தில் புண்ணியம் செய்த திருப்தி வேறு!

தாய்ப்பறவை இரையோடு திரும்பி வருவது கூடு இருந்த அதே இடத்துக்குத்தான். கூட்டைத் தூக்கிக் கட்டடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, அது விசாரித்துக்கொண்டு வந்து சேரும் என்று நினைத்தால் எப்படி? இருட்டும் வரை இரண்டும் வாயில் புழுவோடு அந்த வெற்று விளக்கையே சுற்றிச் சுற்றி வந்தன. நான் மரத்தடிக்கு ஓடினேன். காகம் முந்திக்கொண்டது.

எச்சமாம் எச்சம்! இந்தக் குஞ்சுகளின் எச்சம் ஒரு சவ்வுப் பைக்குள்தான் வெளியே வரும். அதையும் பெற்றவை கொத்திக்கொண்டு போய் எங்கோ போட்டுவிடும். மீறி விழுந்தாலும் கீழே ஒரு பழைய செய்தித்தாள் விரித்தால் போதாதா? 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டியது என்று, ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு போடாமல் இருந்தது. ஒரு ஊர் இருட்டில் நடந்திருக்கிறது. நமக்கு ஒரு படிக்கட்டைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குஞ்சு தவறிக் கீழே விழுந்தால் மட்டும் யாரும் தொட மாட்டார்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காதாம். சுத்தப் பொய். இறகு முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் தாராளமாக எடுத்துக் கூட்டில் வைக்கலாம், தாய் ஊட்டும். தொட வேண்டிய நேரத்தில் பயம், தொடவே கூடாத நேரத்தில் கூட்டோடு தூக்குவது. அப்புறம் அந்தக் குஞ்சுக்கு வாயைப் பிளந்து பாலும் தண்ணீரும் ஊற்றுகிற கூட்டம் ஒன்று. மூச்சுக்குழாயின் வாய் அதன் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அருமையாகக் கொன்றுவிட்டு "பிழைக்கல, பாவம்" என்று சொல்வார்கள்.

அந்தப் பதினைந்து நாளும் ஃபிளாஷ் போட்டு, போனைக் கூட்டுக்குள் நுழைக்காத குறையாக வீடியோ எடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தாய் பதறி எழுந்து போகிறது. கூடு எங்கே இருக்கிறது என்று காகத்துக்குக் காட்டிக் கொடுப்பதும் அதுதான்.

இன்று காலை அந்த ஜோடியில் ஒன்று வாயில் புல்லோடு அதே விளக்கில் வந்து உட்கார்ந்தது. இந்த முறை படிக்கட்டில் நான் நிற்கிறேன். யார் கை வைக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.