கடையாணி யாருடையது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் நான் மெக்லாரன் அணியின் கட்சி. இருபது வருடமாக அந்தக் கட்சிதான். 2025 டிசம்பர் 7ஆம் தேதி அபுதாபியில் எங்கள் அணியின் லாண்டோ நோரிஸ் உலகச் சாம்பியன் ஆனபோது, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தனியாக நின்று கைதட்டியவன். எதிர்வீட்டு ஆச்சி காக்காயை விரட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். ஆகவே இந்தப் பதிவு வயிற்றெரிச்சலில் எழுதுவது அல்ல. என் ஆள் ஜெயித்த கணக்கில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு உறுத்தல் கூடிவிட்டது.

சீசன் முடிவில் புள்ளிகள் இப்படி: நோரிஸ் 423, ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 421, நோரிஸோடு மெக்லாரனிலேயே ஓட்டிய பியாஸ்ட்ரி 410. மார்ச்சில் மெல்போர்னில் தொடங்கி 24 பந்தயங்கள். கடைசியில் வித்தியாசம் இரண்டே புள்ளி. ஒரு பந்தயத்தில் ஒன்பதாவதாக வருகிறவனுக்குக் கொடுப்பது இரண்டு புள்ளி.

"வெறுமனே சுற்றிச் சுற்றித்தானே வருகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?" என்று என் மனைவி கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரே ஒரு பந்தயத்தை உட்கார்ந்து பார்த்தால் அவள் சொல்வது நியாயம்தான். மொனாக்கோ பந்தயத்தில் எனக்கே தூக்கம் சொக்கியிருக்கிறது. ஆனால் ஒரு சீசனை முழுதாகப் பின்தொடர்வது பலசரக்குக் கடைப் பற்று நோட்டைப் புரட்டுவது போன்றது. சித்திரையில் அலட்சியமாக விட்ட ஒரு சில்லறை, கார்த்திகையில் வந்து வாசலில் நிற்கும். அந்தச் சில்லறைகளை நினைவு வைத்திருப்பவனுக்குத்தான் கடைசிப் பந்தயத்தில் நெஞ்சு படபடக்கும். மூன்று நிமிடத் தொகுப்புக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வந்து வாதாடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

அதே 2025 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நிகோ ஹுல்கன்பர்க் மூன்றாவதாக வந்தார். 2010இல் ஓட்ட வந்த மனிதர், அது அவருக்கு 239ஆவது பந்தயம், அதுவரை ஒருமுறைகூடப் பரிசு மேடை ஏறியதில்லை. அன்று 19ஆவது இடத்திலிருந்து கிளம்பி, மழையில் எல்லோரும் வழுக்கி விழ, இவர் மட்டும் தன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். சாம்பியன் பட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அந்த வருடத்தின் மிகச் சந்தோஷமான ஞாயிறு அதுதான். பற்று நோட்டை ஒழுங்காக வைத்திருந்தவனுக்குக் கிடைக்கும் சந்தோஷம் அது.

நான் இதற்குள் விழுந்தது 2005இல், நாராயண் கார்த்திகேயனால். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஜோர்டான் காரில், அதுவும் ஷூமாக்கர் ஓடுகிற தடத்தில் ஓடுகிறார் என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? அந்த வருடம் ஜூனில் இண்டியனாபோலிஸ். மிச்செலின் டயர்கள் அந்தச் சரிவான வளைவைத் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் தயார்ச் சுற்று முடிந்ததும் உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் ஆறே கார். அதில் நாராயண் நான்காவது. ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளிகள் மொத்தமும் அந்த ஐந்துதான். ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் நான்காவது வந்ததெல்லாம் ஒரு சாதனையா என்று அன்று கல்லூரி விடுதியில் சிரித்தார்கள். நான் சண்டை போட்டேன். மற்றவன் டயர் சரியில்லை என்றால் அதற்கு நாராயண் என்ன செய்வார்? அவர் டயர் ஓடியது. ஓடியவனுக்குப் புள்ளி.

அதே அக்டோபரில் சுசூகாவில் மெக்லாரன் காரில் ராய்க்கோனன் 17ஆவது இடத்தில் கிளம்பி, கடைசிச் சுற்றில் ஃபிசிகெல்லாவைத் தாண்டி ஜெயித்தார். அன்றோடு நான் மெக்லாரன் கட்சி.

அந்த விடுதிச் சண்டையை இப்போது ஏன் இழுக்கிறேன் என்றால், இத்தாலியின் மோன்சா பந்தயம்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரம் மாலை ஆறரைக்குப் பந்தயம். அன்றிரவு சந்திர கிரகணம். பிடிப்பதற்குக் கிட்டத்தட்டப் பத்து மணி ஆகும் என்று சொன்னால் அம்மா கேட்கிற ஆளா? ஏழு மணிக்கே தட்டைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். குழம்புச் சட்டியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை தயாராகக் கிடந்தது. நான் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, தோசையைப் பார்க்காமலேயே பிய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவசரப்பட்டதற்கு ஏற்றாற்போல் அன்றைய பந்தயமும் ஓடியது. வெர்ஸ்டாப்பனின் சராசரி வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர், ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே அதிவேகமான பந்தயம். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

முடிய ஏழெட்டுச் சுற்று இருந்தபோதுதான் அது நடந்தது. வெர்ஸ்டாப்பன் வெகுதூரம் முன்னால். இரண்டாவது நோரிஸ், மூன்றாவது பியாஸ்ட்ரி, இருவருமே மெக்லாரன். முன்னால் ஓடுகிறவனை முதலில் அழைத்து டயர் மாற்றுவதுதான் வழக்கம். பின்னால் இருப்பவன் முதலில் புது டயர் போட்டுக்கொண்டால், அந்த வேகத்தில் ஒரு சுற்று ஓடி, முன்னவன் நின்று கிளம்புவதற்குள் தாண்டிவிடலாம். இதை அண்டர்கட் என்பார்கள். அன்று பின்னால் வந்த ஃபெராரி அணியின் லெக்லேரிடமிருந்து காப்பாற்றுவதற்காக, பியாஸ்ட்ரியை முதலில் உள்ளே அழைத்தார்கள். என் இடம் போகாது என்றால் எனக்குச் சம்மதம் என்றார் நோரிஸ். போகாது என்று வாக்குக் கொடுத்தார்கள். பியாஸ்ட்ரிக்கு இரண்டு விநாடியில் வேலை முடிந்தது. அடுத்த சுற்றில் நோரிஸ் வந்து நின்றார். முன் இடது சக்கரம் மாட்டவில்லை. ஆறு விநாடி ஆகிவிட்டது. அவர் வெளியே வந்தபோது பியாஸ்ட்ரி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

இடத்தைத் திருப்பிக் கொடு என்று வானொலியில் உத்தரவு வந்தது. டயர் மாற்றத் தாமதமாவதும் பந்தயத்தில் ஒரு பகுதிதான் என்று பேசியிருந்தோமே என்று பியாஸ்ட்ரி கேட்டார். கேட்டுவிட்டு, கொடுத்துவிட்டார். இந்த விஷயத்தைச் சொன்னதும் வெர்ஸ்டாப்பன் தலைக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. மூன்று புள்ளி கைமாறியது. பட்டம் போன வித்தியாசமோ இரண்டு.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். என் ஆளுக்கு மூன்று புள்ளி லாபம் என்று தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

என் பெரியப்பா கயத்தாறு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மாட்டுவண்டிப் பந்தயத்தில் சின்ன மாடு ஓட்டியவர். எங்கள் பக்கத்துப் பந்தய நோட்டீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய மாடு போக வர 10 மைல், சின்ன மாடு போக வர 8 மைல், பூஞ்சிட்டு 6 மைல் என்று போட்டிருப்பார்கள். (நாட்டில் எல்லா இடத்திலும் செத்துப்போன மைல், அந்த நோட்டீஸில் மட்டும் உயிரோடு இருக்கிறது.) விடிந்தும் விடியாமலும் தார்ச் சாலையில் வண்டிகள் பறக்கும். பின்னால் பைக்குகளில் இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டு வருவார்கள். நான் பத்து வயதில் ஒரு ஜீப்பின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு பார்த்தது இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. பெரியப்பா எல்லையில் இரண்டாவதாகத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் இடது சக்கரத்துக் கடையாணி தெறித்துப் புழுதியில் விழுந்தது. சக்கரம் அச்சிலிருந்து ஒரு விரற்கடை வெளியே நழுவியதை அவர் கண்ணால் பார்க்கவில்லை, சத்தத்தில் தெரிந்துகொண்டார். இரண்டு மாட்டையும் இழுத்து நிறுத்தி, குதித்து இறங்கி, சாலையோர உடைமரத்தில் ஒரு குச்சியை ஒடித்து, கல்லால் அடித்து இறுக்கிவிட்டு மறுபடி ஏறினார். அதற்குள் மூன்று வண்டிகள் தாண்டிவிட்டன. அதில் ஒன்று என் அத்தை மகனுடையது. ஒரே தொழுவத்தில் தீனி தின்ற மாடுகள். பெரியப்பா ஐந்தாவது வந்தார்.

அன்று ராத்திரி எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். அத்தான் ஏன் உங்களுக்கு வழிவிடவில்லை என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். பெரியப்பா கையைக்கூட நிறுத்தவில்லை. "கடையாணி யாருடையதுலே? என்னுடையதுதானே?" என்றார்.

இந்தப் பொங்கலுக்கு அவரிடம் மோன்சாவைச் சொன்னேன். சக்கரம் மாட்டவில்லை என்ற இடத்தில் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரண்டு வண்டிக்கும் ஒரே முதலாளியா?"

"ஆமாம் பெரியப்பா."

"மற்ற வண்டிக்காரன் என்ன சொன்னான்?"

"சிரித்தான். அன்றைக்கு ஜெயித்ததே அவன்தான்."

"ஜெயித்த அன்றைக்குச் சிரிக்கத்தான் செய்வான்," என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். இத்தனை நாள் பியாஸ்ட்ரிக்கு அநியாயமா, நோரிஸுக்கு நியாயமா என்றே வாதாடிக்கொண்டிருந்தோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த மூன்று புள்ளி கைமாறாமல் இருந்திருந்தால் வெர்ஸ்டாப்பன் 421, நோரிஸ் 420, பியாஸ்ட்ரி 413. கொடுத்தவன் பியாஸ்ட்ரி, இழந்தவன் வெர்ஸ்டாப்பன். ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள், பக்கத்து வயல்காரனின் வரப்பு நகர்ந்துவிட்டது.

மெக்லாரனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. 2024 ஜூலையில் ஹங்கேரியில் இதே போல நோரிஸ் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தை பியாஸ்ட்ரிக்குத் திருப்பிக் கொடுத்தார். அதை நான் இன்றும் சரி என்பேன். அங்கே டயர் மாற்றும் வரிசையை அணி மாற்றியதால்தான் நோரிஸ் முன்னால் வந்தார். அணி செய்த ஏற்பாட்டை அணி சரிசெய்தது. மோன்சாவில் வரிசை மாற்றத்தால் நோரிஸ் இடம் இழக்கவில்லை. சக்கரம் ஒழுங்காக மாட்டியிருந்தால் முன்னால்தான் வந்திருப்பார். இடம் போனது கடையாணியால். வரிசைக்கு வாக்குக் கொடுக்கலாம், கடையாணிக்கு எவன் வாக்குக் கொடுப்பான்? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று ஆனித் தேரோட்டம் பார்க்கிற ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சரி, எல்லாவற்றையும் சமமாக்குவதுதான் கொள்கை என்றால், அடுத்த மாதமே சிங்கப்பூரில் முதல் சுற்றில் நோரிஸ் பியாஸ்ட்ரியை இடித்து முன்னேறியபோது ஏன் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை? அன்று மூன்றாவது நோரிஸ், நான்காவது பியாஸ்ட்ரி, அப்படியே முடிந்தது.

வெர்ஸ்டாப்பன் கட்சிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் துள்ள வேண்டாம். ஜூன் 1ஆம் தேதி பார்சிலோனாவில் ஆத்திரத்தில் ரஸ்ஸலின் காரில் போய் மோதியது யார்? பத்து விநாடி தண்டனை விழுந்து, ஐந்தாம் இடம் பத்தாம் இடமானது. பத்துப் புள்ளி ஒன்றானது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மோன்சாவில் மூன்று போனதற்கு அழுகிறவர்கள், இந்த ஒன்பதுக்கு யாரிடம் போய் அழுவார்கள்? நவம்பரில் லாஸ் வேகாஸில் மெக்லாரன் கார்கள் இரண்டின் அடிப்பலகையும் 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டன என்று தகுதிநீக்கம் செய்தார்கள். நோரிஸின் 18 புள்ளியும் அதோடு போயிற்று. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்த நேரம் அந்தச் செய்தி வந்தது. அன்று நான் தூங்கவில்லை. ஆனால் அது நியாயம். பலகை எங்களுடையது.

கத்தாரில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முடியும் தறுவாயில் மெர்சிடிஸ் அணியின் 19 வயது அன்டொனெல்லி லேசாக வழுக்கினார், நோரிஸ் தாண்டி நான்காவதானார். அந்த இரண்டு புள்ளி இல்லாவிட்டால் இருவரும் 421, வெற்றிக் கணக்கில் 8க்கு 7 என்று பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போயிருக்கும். வேண்டுமென்றே வழிவிட்டான் என்று வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணியிலிருந்து பேச்சு கிளம்ப, ரசிகர்கள் அந்தப் பையனைச் சமூக வலைத்தளங்களில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கொலை மிரட்டல் வரைக்கும் போயிற்று. அடுத்த நாள் அந்த அணியே அது தவறு என்று அறிக்கை விட்டது. எவன் எவனுக்கு வழிவிட்டான் என்று கத்தியவர்களில் எத்தனை பேர் மோன்சாவில் கண் எதிரே வழிவிட்டபோது வாயைத் திறந்தார்கள்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஒன்று மாறியிருந்தால் மற்றதும் மாறியிருக்கும் என்பீர்கள். உண்மைதான். அபுதாபியில் நோரிஸுக்கு மூன்றாம் இடம் போதும் என்று தெரியும், அதற்கு ஏற்றபடி ஓட்டினார். அந்த மூன்று புள்ளி குறைவாக இருந்திருந்தால் வேறு மாதிரி ஓட்டியிருக்கலாம். அவர் பட்டத்துக்குத் தகுதி இல்லாதவர் என்று நான் சொல்லவே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஹாலந்தில் கார் புகைந்து நின்ற பிறகும் மனம் தளராமல் வந்தவர். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு ஜெயித்திருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

வண்ணார்பேட்டையில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான், தீவிர வெர்ஸ்டாப்பன் பக்தன். மார்ச் மாதமே அரைக் கிலோ அல்வா பந்தயம் கட்டியிருந்தோம். டிசம்பரில் தோற்றுவிட்டு, டவுனில் வரிசையில் நின்று வாங்கி வந்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொடுத்தான். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் நேற்று அவனிடம் படித்துக் காட்டினேன். முழுதும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்படியென்றால் என் அல்வாவைத் திருப்பிக் கொடு," என்கிறான். அது வாங்கிய அன்றைக்கே காலி.