குளித்தால் குற்றம்

ஸ்பெயினின் கிரனாடா நகருக்குப் போகிறவர்கள், குன்றின்மேல் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ரொம்ப முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அதன் அடிவாரத்தில், தாரோ ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் எல் பன்யுவேலோ என்ற பழைய அரபுப் பொதுக் குளியல் கூடத்தை ஒரு செல்ஃபியோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்த ஊரில் மனதில் நின்றது இதுதான்.

முஸ்லிம் ஆட்சிக்காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வெளியே நின்றால் சாதாரண வீடு மாதிரி இருக்கும். உள்ளே குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை என வரிசையாகப் போகிறது. சூடான அறையின் தரைக்கு அடியில் அனல்காற்று ஓடும். ரோமானியர் காலத்து உத்தி. நடு அறைத் தூண்களின் தலைப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ரோமானியருடையது, அவர்களுக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகளுடையது, கலீஃபாக்கள் காலத்தது என்று பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து பொருத்தியிருக்கிறார்கள். கூரையில் நட்சத்திரத் துளைகள்.

நான் போனபோது ஒரு வழிகாட்டி அந்தத் துளைகளுக்குக் கீழே எப்படி நின்றால் படம் நன்றாக வரும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். 1567 பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் ஆதங்கமே அதுதான்.

1492இல் நகரம் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து ஸ்பெயினின் கத்தோலிக்க அரசர்கள் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் முஸ்லிம்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம். மோரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு 1567இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை வந்தது: அரபு பேசாதே, பழைய உடை உடுத்தாதே, குளியல் கூடத்துக்குப் போகாதே. அடிக்கடி குளித்தாலே, ரகசியமாக இஸ்லாமியச் சடங்கு செய்கிறாரோ என்ற சந்தேகம்!

ஃபிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற மோரிஸ்கோ முதியவர் இதை எதிர்த்து மனு எழுதினார். மதச் சடங்குக்குச் சுத்தமும் தனிமையும் வேண்டும், ஊர் அழுக்கெல்லாம் சேரும் பொதுக் குளியல் கூடத்தில் யார் சடங்கு செய்வார்கள் என்பது அவர் வாதம். எந்த வக்கீலும் அவரிடம் தோற்றுப்போவார். ஆனால் மனு எடுபடவில்லை. 1568 கடைசியில் அல்புஹாராஸ் மலைப்பகுதியில் கலகம் வெடித்தது; அதை அடக்கியபின் கிரனாடாவின் மோரிஸ்கோக்களை ஸ்பெயினின் காஸ்டீல் பகுதி ஊர்களுக்குச் சிதறடித்தார்கள்.

அப்புறம் இந்தக் கூடம் எப்படித் தப்பியது? மேலே வீடு எழும்பியது, கீழே துணி துவைக்கும் இடமானது. யாருக்கோ பயன்பட்டதால் இடிக்காமல் விட்டார்கள். 1918இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். பிறகு கட்டடக் கலைஞர் லெயோபோல்டோ தோரெஸ் பல்பாஸ் சீரமைத்தார்.

இப்போது அதே நகரில் மெழுகுவத்தி வெளிச்சம், புதினாத் தேநீர், எண்ணெய் மசாஜ் என்று அரபுக் குளியலை நல்ல விலைக்கு விற்கிறார்கள். அனுபவியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளியலைக் குற்றமாக்கிய ஆணையையும் பன்யுவேலோ வாசலில், வருகிறவர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் வைக்க வேண்டும்.