27.8 லட்சம் என்பது விற்ற துப்பாக்கிகளின் கணக்கு அல்ல

"2012 டிசம்பரில் மட்டும் அமெரிக்காவில் 27.8 லட்சம் துப்பாக்கி விற்றது, அடுத்த வருஷமே ஒபாமா தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. பலர் பகிர்வதால்தான் சொல்கிறேன்.

அந்த எண், அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வழியாக நடந்த பின்னணிச் சோதனைகளின் எண்ணிக்கை. வாங்க வந்தவர் 4473 படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும், இவருக்கு விற்கலாமா என்று கடைக்காரர் அங்கே கேட்பாரே, அது ஒரு சோதனை. அந்த ஒன்றிலேயே மூன்று துப்பாக்கிகூட வாங்கிப் போகலாம். கென்டக்கி மாநிலத்திலோ துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வைத்திருப்பவர்களை மாதாமாதம் மறுபடி சோதிக்கிறார்கள். ஒன்றும் விற்காமலே எண் ஏறும். தோட்டா விற்பனை இந்தக் கணக்கில் வரவே வராது.

கூட்டம் அலைமோதியது என்னவோ உண்மை. டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனி தடை வந்துவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். சாதாரண .22 தோட்டாகூட மாசக்கணக்கில் தட்டுப்பாடு. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் கட்டுப்பாடு போட்டன.

ஆனால் ராணுவ பாணித் துப்பாக்கிகளுக்கு நாடு முழுவதற்குமான தடை வரவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் அது 40-60 என்று தோற்றது. பின்னணிச் சோதனையை விரிவாக்கும் திருத்தத்துக்கு 54 ஓட்டு விழுந்தும், 60 தேவைப்பட்டதால் அதுவும் போயிற்று. நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள்தான் தாங்களே சட்டம் போட்டன. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்டும் கிடைக்காத சட்டத்தைக் கிடைத்ததாக எழுதாதீர்கள். பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.