புரதப் பொடி முழுப் பயறுக்கு ஈடாகாது
உடல் பருமனுள்ள குழந்தைகளுக்குத் தாவரப் புரதப் பொடி கொடுத்தால் குடல்நலம் சீராகும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதில், பொடியையும் முழுப் பயறையும் ஒன்றாகக் கருதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டாணியிலிருந்தோ சோயாவிலிருந்தோ புரதத்தை மட்டும் பிரித்தெடுக்கும்போது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும் நார்ச்சத்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. பெருங்குடற் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே அந்தப் பியூட்டிரேட்தான். நார்ச்சத்து போதாமல், செரிக்காத புரதம் மட்டும் அங்கு சென்று சேர்ந்தால், அதே பாக்டீரியாக்கள் அதிலிருந்து அம்மோனியா போன்றவற்றை உண்டாக்குகின்றன. வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 7 கிராமுக்குமேல் நார்ச்சத்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. என் அக்கா மகனுக்குப் பொடியைப் பாலில் கரைத்துக் கொடுத்து வந்த நாட்களில் மலச்சிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் என்று மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை தணிந்தது. ஒரு குழந்தையின் அனுபவம் சான்றாகாது என்றாலும், பெற்றோர் பொடி டப்பாவை வாங்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பயறு வாயுவை உண்டாக்கும் என்று அந்தக் கட்டுரையைப் படித்த வேறொரு வாசகர் அஞ்சியிருக்கிறார். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்துச் சிறிதளவில் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழகிவிடும்.