காயில்ஓவரும் மேல் தாங்கியும்: ஒரு திருத்தம்
1970–74 டாட்ஜ் சேலஞ்சரில் முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் தாங்கி தொழிற்சாலையிலிருந்தே வண்டி எடையைச் சுமப்பதால், காயில்ஓவரை (ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்த தொகுப்பை) அப்படியே மாட்டிவிடலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அந்த வண்டியில் முன்பக்க எடையைத் தாங்குவது டார்ஷன் பார், அதாவது முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு. அதன் முன்முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மிலும், பின்முனை தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்திலும் பொருந்தியிருப்பதால், எடை அந்தச் சட்டத்தின் வழியாகவே பாடிக்குச் செல்கிறது. மேல் தாங்கிக்கு வருவது ஆட்டத்தை அடக்கும் விசை மட்டுமே.

காயில்ஓவர் வந்தபின் அந்த எடை மேல் தாங்கியின் தகட்டுக்கு மாறுகிறது. அதுவும் அதே அளவில் அல்ல. ஸ்பிரிங் சக்கரத்துக்கு உட்புறமாக ஆர்மைப் பிடிப்பதால், சக்கரத்தின் மீது 400 கிலோ இருந்து நெம்புகோல் விகிதம் (ஆர்மின் உள்முனையிலிருந்து ஸ்பிரிங்குக்கு உள்ள தூரத்தைச் சக்கரத்துக்கு உள்ள தூரத்தால் வகுத்தது) 0.6 என்றால், தாங்கியில் ஏறக்குறைய 670 கிலோ நிற்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் உயரும்.

தாங்கியை வலுப்படுத்தத் தடித்த வாஷர் போட்டால் போதும் என்ற கருத்தும் எனக்கு ஏற்புடையதன்று, ஏனெனில் முதலில் சோர்வது போல்ட் துளை அல்ல, தகட்டின் இணைப்புகள்தாம். ஸ்பாட் வெல்டின் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் வெல்டின்) ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாகப் பிளந்து துருக்கோடு தெரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். தாங்கியின் இருபுறமும் தகடு வைத்து, அதைச் சேசிஸ் சட்டத்தோடு வெல்டிங் செய்து இணைக்க வேண்டும். இல்லையேல், காயில்ஓவரின் மேல் பிடிப்பைத் தன்னிடமே கொண்ட கே-மெம்பரை (இன்ஜினையும் கீழ் ஆர்ம்களையும் தாங்கும் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை) பொருத்த வேண்டும்.