நீர் நிரப்பிய அன்றே மீன் விடுவது குறித்து

மீன் தொட்டி நீரிலேயே கீரையும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் முறையில், தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடலாம், அதன் கழிவே கீரைக்கு உடனடி உரம் என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது புதியவர்களின் மீன்களைக் கொன்றுவிடும். மீன் வெளியேற்றுவது பெரும்பாலும் அம்மோனியா; அது மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பின்னர் கீரைக்கு உரமாகும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள், கீரை வளரும் ஜல்லிப் படுகையில் பெருகி நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. மதுரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர் என்பதால், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தாண்டி, சித்திரை வெயிலில் நீரும் சூடேறினால், அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான நஞ்சாகி, கெண்டைகள் செவுள் சிவந்து நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறும். குழாய் நீரானால் முதலில் குளோரின் நீங்க வேண்டும். ஜல்லியிலும் வினிகர் சொட்டிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, பிஎச் மேலும் ஏறும்.